க்ளூவில் 'இளைஞன்', வயசு 90: குறுக்கெழுத்தை விட்டுப் போகாத 'டெட்' யார்?

'வெளிறிப்போன இளைஞன், போலீஸ் தேடும் ஆள் (6).'

ஆங்கில கிரிப்டிக் குறுக்கெழுத்தில் இப்படி ஒரு க்ளூ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரிப்டிக் க்ளூவில் ஒரு முனையில் நேர்ப் பொருள் இருக்கும், மீதி சொல்விளையாட்டு. அடைப்புக்குறியில் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. வெளிறிய என்பதற்கு ஆங்கிலத்தில் டபிள்யூ-ஏ-என். இளைஞனுக்கு டி-இ-டி, அதாவது 'டெட்'. இரண்டையும் ஒட்டினால் 'வான்டட்'. போலீஸ் தேடும் ஆள் கிடைத்துவிட்டார்!

சரி, யார் இந்த டெட்?

கோட்டும் கிருதாவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களில் பிரிட்டனில் கிளம்பிய இளைஞர் கூட்டம்தான் 'டெடி பாய்ஸ்'. முழங்காலைத் தொடும் நீளக் கோட்டு, வெல்வெட் காலர், காலோடு ஒட்டிய பேன்ட், எண்ணெய் தடவி ஏற்றிச் சீவிய முடி, கிருதா. 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்ட் காலத்து உடை பாணியிலிருந்து எடுத்த ஸ்டைல் இது. எட்வர்டின் செல்லப் பெயர் டெடி. அதைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. டெடி சுருங்கி டெட் ஆனது.

வெறும் ஃபேஷன் கதை இல்லை இது. 1958-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் மீது நடந்த இனவெறித் தாக்குதல்களில் டெடி பாய்ஸுக்கும் பங்கு இருந்தது.

அடுத்து வந்தவர்கள் 'மாட்ஸ்' மற்றும் 'ராக்கர்ஸ்'. மாட்ஸ் இத்தாலிய கோட் சூட் போட்டு ஸ்கூட்டரில் வந்தார்கள். ராக்கர்ஸ் லெதர் ஜாக்கெட் மாட்டி மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். 1964-ல் பிரைட்டன், மார்கேட் கடற்கரைகளில் இருவரும் மோதிக்கொண்டபோது, நாடே கெட்டுவிட்டது போலப் பத்திரிகைகள் எழுதின. அப்படி ஊதிப் பெருக்கியதைத்தான் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972-ல் ஒரு புத்தகமாகவே ஆராய்ந்தார்.

செய்திப் பக்கத்தில் பயமுறுத்திய அதே பெயர்கள், இன்று புதிர்ப் பக்கத்தில் மூன்று எழுத்துச் சரக்காக வாழ்கின்றன.

ஏன் போக மாட்டேங்குது?

காரணம் ரொம்ப சிம்பிள்: எழுத்துகள் வசதியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஏராளமான இறந்தகால வினைச்சொற்கள் டி-இ-டி என்றுதான் முடியும். 'ஸ்டார்' உடன் டெட் சேர்ந்தால் 'ஸ்டார்டட்'. 'மாட்' உடன் நியூயார்க் நேரத்தைக் குறிக்கும் இ-எஸ்-டி சேர்ந்தால் 'மாடஸ்ட்', அடக்கமானவர். கட்டத்தை நிரப்பத் தவிக்கும் புதிர் தயாரிப்பாளருக்கு இது வரப்பிரசாதம். அகராதியிலும் இருக்கிறது. அப்புறம் என்ன?

பிரச்னை, புதிதாக விளையாட வருபவருக்கு. சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் புதிரைக் காலைக் காபியோடு போடும் வீடுகள் உண்டு. அங்கே ஒரு கல்லூரி மாணவி பேனாவோடு உட்கார்ந்தால், இளைஞன் என்ற சொல்லிலிருந்து டெட்டுக்குப் போக அவருக்கு வழியே இல்லை. யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்லித் தரணும். 'இளைஞன்னா டெட், போட்டுக்கோ' என்று மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழி. அது புதிர் இல்லை, வாய்ப்பாடு.

'பழசைத் தெரிந்துகொள்வதும் புதிரின் சுகம்தானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிர்களில் அடிக்கடி வரும் 'எர்ன்' என்ற கடல் கழுகின் பெயரை யாரும் அன்றாடம் பேசுவதில்லை. ஆனால் கடல் கழுகு அன்றும் கடல் கழுகு, இன்றும் கடல் கழுகுதான். 1954-ல் 18 வயதாக இருந்த டெட் இன்று 90 வயதை ஒட்டியிருப்பார். அவரை இன்னமும் இளைஞன் என்று சொல்வது கடினமான க்ளூ இல்லை, தப்பான க்ளூ.

க்ளூ எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், ஆனால் நேர்மையாக ஏமாற்ற வேண்டும். 'சிமனிஸ்' என்ற புனைபெயரில் புதிர் போட்ட டெரிக் மக்நட், 1966-ல் எழுதிய நூலில் வலியுறுத்தியது இதைத்தான்.

தீர்வு ஒரே ஒரு சொல்

டெட்டைத் துரத்த வேண்டியதில்லை. 'அந்தக் கால' என்று முன்னால் சேர்த்தால் போதும். 'வெளிறிப்போன அந்தக் கால இளைஞன்' என்றதும் மாணவிக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எந்தக் காலம் என்று தேடுவார், நாட்டிங் ஹில் வரை போய்ப் படிப்பார். பல தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே இப்படித்தான் எழுதுகிறார்கள். எல்லோரும் எழுதலாம்.

கூடவே புதியவர்களுக்கும் இடம் வேண்டும். 2000களில் கண்ணை மறைக்கும் முடியோடு திரிந்த 'ஈமோ' கூட்டம் ஏற்கெனவே புதிருக்குள் வந்துவிட்டது. 'லெமன்' என்ற சொல்லின் நடுவிலேயே அந்த மூன்று எழுத்துகள் இருக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஈமோக்களில் பலருக்கு இப்போது 35 தாண்டிவிட்டது. அவர்களுக்கும் சீக்கிரம் 'அந்தக் கால' போட வேண்டியிருக்கும்.