செருப்பைக் காணிக்கையாக ஏற்கும் சாமி

ஆடி அமாவாசை என்றால் நம் மாவட்டத்து மக்களுக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்தான். பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணிக் கரையில், காட்டுக்குள் இருக்கிறது அந்தக் கோயில். அய்யனாரைக் கும்பிட்ட கையோடு நம் மக்கள் போய் நிற்பது பட்டவராயன் சந்நிதியில். அங்கே முக்கியக் காணிக்கை தோல் செருப்பு. கட்டிய செருப்பு அடுத்த முறை தேய்ந்திருக்கும், சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை.

ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக நம் முன்னோர் அடிபட்ட நாடு இது. அந்தச் செருப்பு இங்கே எப்படிச் சாமிக்கு உரியதானது?

முத்துப்பட்டன் பிராமணர். அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பினார். தகப்பனார் கேட்டபடி குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட பிறகே பெண் கிடைத்தது. மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டார். மனைவியர் இருவரும் அவரோடு தீயில் இறங்கினர். வில்லுப்பாட்டு இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது.

ஆனால் இன்னொரு பாடமும் உலவுகிறது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களாம், காட்டில் கிடந்த குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தாராம். இது பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று, கதையைப் பதிப்பித்த நாங்குநேரி மண்ணின் ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். சாதி மீறிய திருமணத்தைச் சாதிக்குள்ளேயே நடந்த திருமணமாக்கும் வேலை இது. இதை ஏற்றால் செருப்புக்கு அங்கே பொருளே இல்லை.

கோயில் இருக்கும் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். திருவிழாக் காலத்தில் வாகனங்களுக்கும் தங்குவதற்கும் வனத்துறை கட்டுப்பாடு விதிக்கிறது. பிளாஸ்டிக்கையும் பழந்துணியையும் ஆற்றில் போடாதே என்பதை நாமும் சொல்கிறோம். பட்டவராயன் காவல் காக்கும் காட்டைப் பாழாக்குவது பக்தி ஆகாது. ஆனால் காட்டைக் காப்பவர்கள் மரத்தையும் புலியையும் மட்டும் கணக்கெடுத்தால் போதாது. நீலகிரி கரிக்கியூர்ப் பாறை ஓவியங்களை யாராவது சுரண்டினால் தடயம் கண்ணுக்குத் தெரியும். பாட்டாக வாழும் வரலாற்றைச் சுரண்டினால் தடயம் தெரியாது.

எனவே நாம் கேட்பது இவைதான். திருவிழாக் கட்டுப்பாடுகளை முடிவு செய்யும் கூட்டங்களில், செருப்புக் காணிக்கை கொண்டுவரும் அருந்ததியர் ஊர்ப் பெரியவர்களையும், அந்தக் காட்டிலேயே குடியிருக்கும் காணி மக்களையும் உட்கார வைக்க வேண்டும். பட்டவராயன் கதையைப் பகடையின் பெயரை மறைக்காமல் கோயிலில் எழுதி வைக்க வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் பாடங்களை ஒலிப்பதிவு செய்து பொதுவில் வைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வரும் ஆடிக்கு முன் உங்கள் ஊர்ப் பாட்டி, தாத்தாவிடம் இந்தக் கதையைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி வையுங்கள். கைபேசியில் பதிவும் செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.