ஒட்டுத்துணியும் கணக்குப் பாடமும்

பத்தாம் வகுப்பிற்கு வந்துவிட்டால் தையல் பாடவேளையைக் கணக்கிற்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் பலர் விரும்புகிறார்கள். பொதுத்தேர்வு ஆண்டில் ஊசியும் நூலும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இதை நான் மறுக்கிறேன். "கைத்தொழில் பின்னால் உதவும்" என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லி மறுக்கவில்லை. கணக்கிற்காகவே தையல் வேண்டும் என்பது என் கட்சி.

கைக்குட்டையில் பூப்போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. அதில் இதழ் சற்றுப் பெரிதானால் ரோஜா செம்பருத்தியாகும், அவ்வளவுதான். நான் சொல்வது ஒட்டுத்துணிப் போர்வை. சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய துணிகளை இணைத்து, அடியில் பழைய புடவையை மடித்து வைத்து, எல்லாவற்றையும் ஓட்டத் தையலால் சேர்த்துப் பிடிப்பது. கோடை விடுமுறையில் தொடங்கிய நான் இன்னும் கற்றுக்குட்டிதான். ஆகவே தேர்ந்தவர்கள் மறந்துவிட்ட சில சங்கடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

6 அங்குலச் சதுரம் வேண்டுமானால் ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். பக்கத்திற்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். வரிசைக்கு 8 சதுரமாக 6 வரிசை தைத்தால், 48 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உள்ள குழந்தைப் போர்வை கிடைக்கும். ஒவ்வொரு சதுரமும் அரைக்கால் அங்குலம் குறைந்தால் போதும், அந்த வரிசை முழுதாக ஓர் அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு மூலைகள் சேரா. விடையைத் திருத்துவதற்கு ஆசிரியை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, துணியே காட்டிக் கொடுத்துவிடும்.

முக்கோணம் இன்னும் பொல்லாதது. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு நிறங்களை இணைக்க வேண்டுமானால், அதற்கும் அரை அங்குலம் சேர்த்தால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். போதாது. கர்ணத்தின் பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு வேண்டுமல்லவா? அந்தக் கால் அங்குலம் சாய்வாக இருப்பதால், சதுரத்தின் பக்கத்தில் அது கால் அங்குலத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியதாகும். அதாவது ஏறக்குறைய 0.354. அரையோடு கூட்டினால் 0.854. தையற்காரர்கள் இதை முக்காலே அரைக்கால், அதாவது 0.875, என்று வைத்துக்கொள்ளலாம். பிதாகரஸ் தேற்றத்தை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடமாக ஒப்பித்தவள். ஆனால் அது எதற்கு என்று விளங்கியது கத்தரிக்கோலைப் பிடித்தபோதுதான்.

தொடங்குகிறவர்கள் முதலில் சதுரம் மட்டும் தைப்பது நல்லது. சாய்வாக வெட்டிய விளிம்பு பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே போவதால் இழுத்தால் நீண்டுவிடும். நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. சீருடை தைக்கும் கடைகளில் கட்டம் போட்ட துணியின் வெட்டுத்துண்டுகள் குவிந்து கிடக்கும். அந்தக் கட்டங்கள் நூல் ஓடும் வழியிலேயே ஓடுவதால் சாக்குக்கட்டியே தேவைப்படாது. கோட்டைப் பார்த்து வெட்டிவிடலாம்.

எங்கள் வீட்டிற்கு வந்த அத்தை ஒருவர், "துணிக்கா பஞ்சம், ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். இதுதான் உண்மையான தடை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒட்டுப்போட்ட துணி என்றால் நமக்கு வறுமை. ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தொம்பை தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் தைக்கப்படும் அவை, பல நிறத் துணிகளை வெட்டி ஒட்டுவைத்துத் தைத்தவைதாமே! தேரில் தொங்கினால் அலங்காரம், கட்டிலில் விரித்தால் அவமானமா?

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பழந்துணிகளை ஒரு மூலையிலிருந்து தைக்கத் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோண மடிப்பு ஒன்றை வைப்பார்கள். அதற்குப் பெயர் பூ. பூ இல்லாத போர்வை ஆடையில்லாதது போலாம்! அவர்களில் கத்தோலிக்கப் பெண்கள் சிலுவை வடிவத்தையும் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் வேலை உடுப்புகள் நைந்தபின் தைத்த போர்வைகளோ, 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டப்பட்டன.

சித்திப் பெண்கள் அளவுகோல் வைத்தா தைக்கிறார்கள் என்று நீங்கள் என்னை மடக்கலாம். இல்லைதான். அம்மா கோலப் புள்ளிகளை அளந்தா வைக்கிறார்கள்? அவர்கள் கை பல ஆண்டு அளந்து பழகிய கை. என் கை அப்படியில்லை.

செங்கல்பட்டு வெயிலில் போர்வை எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. மார்கழியில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே பஞ்சு வைக்காமல் புடவை மட்டும் வைத்தால் மின்விசிறிக் காற்றிற்கும் சரியாக இருக்கும். என் போர்வை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மாமல்லபுரத்துப் பஞ்ச ரதங்களே முற்றுப்பெறாமல் நிற்பதால் எனக்கு வருத்தமில்லை. மேலும் சிற்பி ஒரு சில்லு அதிகமாகப் பெயர்த்தால் கல் போயிற்று. நாமோ தையலைப் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வகுப்பில் 48 பேர். ஆளுக்கு ஒரு சதுரம் தைத்தால் மேலே சொன்ன போர்வை ஒன்று ஆகிவிடும். வாரம் ஒரு பாடவேளையாக ஒரு பருவம் போதும். முடிந்ததும் ஏதாவது ஒரு இல்லத்திற்குக் கொடுத்துவிடலாம் என்று தோழிகள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் வீட்டில் விரிக்க வெட்கப்படுவதைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தருமம் என்று சொல்லக் கூடாது. முதல் போர்வை நம் பள்ளியின் நோயாளி அறைக் கட்டிலுக்கு வரட்டும். காய்ச்சல் வந்தால் நாமே போர்த்திக்கொள்வோம். இரண்டாவதை யாருக்குக் கொடுப்பது என்று பிறகு பேசலாம்.

தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதி தந்தால், ஜூன் மாதமே தையற்கடைகளில் துண்டுகளைக் கேட்டு வைக்க வேண்டும். சீருடை தைத்து முடிந்ததும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி