சுவரைப் பார்த்து நின்ற படங்கள்



எங்களூரில் 'ஸ்டூடியோ' என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. வெளிநாடு செல்வோர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. ஓவியர் அமர்ந்து தொழில் புரியும் கூடத்திற்கும் அதே பெயர் என்பதைப் பி.ஏ. பட்டம் பெற்ற நான் ஏட்டில் படித்திருந்தேனே தவிர, அப்படியோர் இடத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் என்னை அங்கே அழைத்துச் சென்றது.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் கிரில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அவர் மகன் சிறுவயதில் என்னிடம் ஓதியவன். இப்போது சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டை முடித்திருந்தான்.

"ஹஜ்ரத், கணக்குப் படிக்க அனுப்பினேன். இப்போது ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறான். காரணம் கேட்டால் இந்த நோட்டைக் கொடுக்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பான்" என்றார்.

நோட்டை வாங்கிய என் கை சற்றுத் தயங்கியது. காரணம், அந்தப் பையனின் நோட்டு ஒன்றை நான் முன்பே ஒருமுறை கையில் வாங்கியிருக்கிறேன். அப்போது அவனுக்குப் பத்து வயது. எழுத்துப் பயிற்சி நோட்டில் 'அலிஃப்' முதல் 'யே' வரை எழுதச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிக் கொடியும் இலையுமாக வரைந்து வைத்திருந்தான். "எழுதச் சொன்னால் கிறுக்குகிறாயா?" என்று அனைவர் முன்னிலையிலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவன் அழவில்லை. அதனால் நானும் அதை மறந்திருந்தேன்.

அவன் சென்று வந்த இடம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966ஆம் ஆண்டு அதை உருவாக்கியவர் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடிக்கும் மாணவர்கள் பிழைப்புக்காக ஏதேதோ வேலைகளுக்குச் சென்று தூரிகையையே மறந்துவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். வழி ஒன்றும் கண்டார். கைத்தொழில் சோறு போடட்டும்; ஓவியம் எவருக்கும் கைகட்டி நிற்காமல் இருக்கட்டும் என்பதே அது. ஆசிரியரும் மாணவர்களும் கூடிப் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரம் மணற்பாங்கான நிலத்தை வாங்கி, வீடும் பணிக்கூடமும் கட்டிக் குடியேறினார்கள்.

பாத்திக் என்றதும் என் உம்மாவின் நினைவு வந்தது. எங்கள் கடலோர ஊர்களில் பினாங்கிலிருந்து வந்த பாத்திக் கைலி இல்லாத பெட்டி இருந்ததில்லை. மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுத்தால் மறைந்திருந்த கோலம் வெளிப்படும். ஓர் ஊரையே உருவாக்கும் ஆற்றல் அந்தத் துணிக்கு இருந்திருக்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அந்த மாணவனின் அனுமதியுடன் அவன் நோட்டிலிருந்து சில பகுதிகளைத் தருகிறேன்.

"கதவு திறந்திருந்தது. உள்ளே வரலாம் என்றார் ஓவியர். பெரிய மண்டபமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். தரையெல்லாம் சாயக்கறை. காப்பித்தூள் டப்பாக்களில் தூரிகைகள். ஆணியில் மின்கட்டண அட்டை. வாப்பாவின் பட்டறையைப் போலவே இருந்தது; எண்ணெய் வாடை மட்டும் வேறு.

"நம்மைப் பார்த்து நின்ற படங்கள் நான்கு. சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டவை பதினொன்று. ஏன் என்று கேட்டேன். 'அவை இன்னும் வரவில்லை' என்றார். முதலில் விளங்கவில்லை. வரைந்தும் சரியாக அமையாதவற்றைச் சொல்கிறார் என்று பிறகு புரிந்தது. அவற்றுள் ஒன்று ஆறு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறதாம்.

"ஒரு படத்தின் விலையைக் கேட்டேன். எங்கள் பட்டறையின் ஆறு மாத வருமானம். எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் நின்று இரும்பு அறுக்கும் வாப்பாவை நினைத்தேன். முகத்தைக் கண்டுகொண்டாரோ என்னவோ, சென்ற ஆண்டு எத்தனை படம் விற்றது என்று அவரே சொன்னார். ஒன்றுகூட இல்லை.

"வேறொரு வீட்டில் ஒரு நூலைக் காட்டினார்கள். அதில் பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' வரிசை ஓவியங்கள் இருந்தன. மலையாள எழுத்துப் போல வரி வரியாக எழுதியிருக்கிறார். கட்டங்களும் குறிகளும் ஜாதகத் தாள் போல் இருக்கின்றன. ஆனால், எந்த வரியையும் படிக்க முடியாது. எழுத்தைப் படிக்காமல் பார்க்க மட்டும் செய்தேன். பத்து வயதில் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

இந்தக் கடைசி வரியில் வந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டேன். என் பெயரை அவன் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

பணிக்கர் அந்த வரிசையை 1963ஆம் ஆண்டில் தொடங்கினார். அதே கிராமத்தில் வாழ்ந்து 1990இல் மறைந்த ஜே. சுல்தான் அலியும் பழங்குடி மக்களின் கலையிலிருந்து ஊக்கம் பெற்று, தம் ஓவியங்களில் எழுத்துருக்களை நிரப்பியவர். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே என் தொழில். பொருள் தெரியும் முன்பே எழுத்தின் வடிவத்தில் பிள்ளைகள் மனம் தோய்வதை நாள்தோறும் கண்டும், நான் அதைக் கவனித்ததில்லை.

சுவரைப் பார்த்து நின்ற பதினொரு படங்களும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. காலையில் ஒரு பக்கம் சபக் ஒப்பிக்கும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோம். இரவெல்லாம் அதே பக்கத்தை அவன் எத்தனை முறை தவறாக ஓதித் திருத்திக்கொண்டான் என்பதை யார் கண்டார்? உழைப்பின் பெரும்பகுதி எத்தொழிலிலும் சுவரைப் பார்த்தே நிற்கிறது.

பையனை அழைத்துப் பேசினேன். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி நம் மார்க்க அறிஞர்கள் கூறியிருப்பதை அவனிடம் மறைக்கவில்லை. "உன் நோட்டில் இருப்பவை கொடியும் கோணமும் எழுத்தும். ஆனால், கல்லூரியில் மனித உருவமும் வரையச் சொல்வார்களே, என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை, ஹஜ்ரத். அதனால்தான் நோட்டை வாப்பாவிடம் கொடுத்தேன். தனியாக முடிவெடுக்க எனக்குத் துணிவில்லை" என்றான்.

பொய்யாக ஒரு விடை சொல்லியிருந்தால் நான் கண்டித்திருப்பேன். அவன் உண்மையைச் சொன்னான். அவன் வாப்பாவிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "மறுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பாருங்கள்."

மூவரும் சென்றோம். 2009இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் முன் பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதைக்காக ஒவ்வொன்றின் முன்பும் சிறிது நேரம் நின்றார். வெளியே மரநிழலில் உலோகச் சிற்பம் ஒன்றைக் கண்டதும் அவர் நடை நின்றது. குனிந்தார், பின்பக்கம் சென்று பார்த்தார்.

"இங்கே வா தம்பி" என்று மகனை அழைத்தார். "இந்தப் பற்றவைப்பைப் பார். எல்லா இடத்திலும் கிரைண்டர் போட்டுத் தேய்த்தவர், இந்த ஓரத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார். தெரியாமல் விட்டதில்லை. இப்படி ஒரு கேட்டை நான் கொடுத்தால் வாங்குகிறவர் பணம் தரமாட்டார். ஆனால், இதற்கு இதுதான் பொருத்தம்."

பணிக்கரும் வீட்டுச் சுமைக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்து, அதன் பிறகு 1936இல்தான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார் என்று நான் படித்ததை அப்போது சொன்னேன். பெரியவர் பதில் ஏதும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் அவராகவே பேசினார்:

"பி.காமை முடிக்கட்டும், ஹஜ்ரத். இன்னும் ஓராண்டுதானே. விடுமுறையில் பட்டறைக்கு வரட்டும். கேட்டுக்கு டிசைன் போட்டுத் தரட்டும். அதற்குள் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

இது சம்மதமா, மறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை. பையனின் முகம் மட்டும் தெளிந்திருந்தது. வாப்பா தன் நோட்டைப் படித்துவிட்டார் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது போலும்.

பேருந்தில் அவன் அருகே அமர்ந்தபோது, கிழித்த தாளைப் பற்றிப் பேசினேன். வயதில் மூத்தவன், ஓதிக்கொடுத்தவன் என்ற எண்ணம் நாவைத் தடுத்தது. எனினும், "நான் செய்தது தவறு, மன்னித்துவிடு" என்று சொல்லி முடித்தேன்.

அவன் பதறிப்போய், "ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள், ஹஜ்ரத்" என்றான். சற்று நேரம் கழித்து, சன்னல் பக்கம் பார்த்தவாறே, "அன்றிலிருந்து பேனாவால் வரைவதில்லை. பென்சில்தான். யாராவது வந்தால் அழித்துவிடலாம் அல்லவா?" என்றான்.

ஊர் வந்து சேரும் வரை என்னால் அதற்குமேல் ஒன்றும் பேச இயலவில்லை.

வாசகப் பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஓவியராக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வரம்புகளைச் சொல்லிக் கொடுப்பதும் நம் கடமையே. ஆனால், பிள்ளையின் நோட்டில் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கிழிப்பதற்கு முன், அவனைப் பக்கத்தில் அமர்த்தி, "இது என்ன வாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் நான் கேட்கத் தவறிய வார்த்தை அது.