பச்சை ரிப்போர்ட்டைக் கும்பிடாதீங்க சாமி

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதான். அதனால யாரைத் திட்டப் போறேன்னு சட்டுனு புரிஞ்சிடும். செக்யூரிட்டி ஸ்கேன் ஓட்டி, ரிப்போர்ட் பச்சையா வந்ததும் மெயில்ல ஒட்டி அனுப்பிட்டு டீ குடிக்கப் போற மகானுபாவர்களைத்தான்.

ஒரு ஆபீஸ்ல (பேர் வேணாம், ஆட்டோ வரும்) அப்படி ஒரு ரிப்போர்ட் பார்த்தேன். வரிசையா விண்டோஸ் மெஷின், ஒண்ணுலகூட பெரிய ஓட்டை இல்லையாம். எல்லாருக்கும் சந்தோஷம். ஓட்டினது நெஸஸ். அதுல 19506னு ஒரு ப்ளகின் இருக்கு. ஸ்கேன் எப்படி நடந்துச்சுன்னு அதுதான் சொல்லும். யாரும் படிக்காத அந்த இடத்துல, லாகின் பண்ணிச் சோதிச்சதாங்கற வரிக்கு நேரா 'நோ'ன்னு இருந்துச்சு.

அதாவது ஸ்கேனர் உள்ளேயே போகல. வெளியில நின்னு திறந்திருக்கிற போர்ட்டைப் பார்த்துட்டுத் திரும்பிடுச்சு. உள்ளே எந்த பேட்ச் விட்டுப்போச்சுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?

நெய்வேலி பாஷையில சொல்றேன். நம்ம சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோட நிக்குது. ராத்திரி பகலா பம்பு ஓடி அந்த அழுத்தத்தைக் குறைச்சாத்தான் மேலே வெட்ட முடியும். பம்பைப் பார்க்கப் போன ஆள், கேட் பூட்டியிருந்ததால திரும்பி வந்து "குறை ஏதும் காணப்படவில்லை"ன்னு எழுதினா விடுவோமா? கம்ப்யூட்டர்னா மட்டும் விட்டுடறோம்.

இத்தனைக்கும் சரி பண்றது பெரிய வித்தை இல்லை. விண்டோஸ்னா ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் ஓடுதா, ஃபயர்வால் விடுதா, லோக்கல் அட்மின் அக்கவுண்ட்டோட உரிமையை யூஏசி தூரத்துல இருந்து வரும்போது பிடுங்கிடுதான்னு பாருங்க. லினக்ஸ்னா அந்த யூசருக்கு சூடோ இருக்கா?

ஓப்பன்ஸ்கேப் ஓட்டுறவங்களுக்கு வேற கூத்து. விதிக்கோப்பு ஒரு ஓஎஸ்ஸுக்கு, மெஷின் இன்னொரு ஓஎஸ்னா 'நாட் அப்ளிகபிள்'னு கொட்டும். மதிப்பெண் போடும்போது அதையெல்லாம் கணக்குலயே சேர்க்காது. மிச்சம் நாலு கேள்வி எழுதி நாலும் பாஸ்னா, நூத்துக்கு நூறு!

சிவப்பா வந்தாலும் அப்படியே நம்பாதீங்க. ரெட்ஹேட்காரன் பழைய வெர்ஷன் எண்ணை வச்சுக்கிட்டே ஓட்டையை அடைப்பான். எண்ணை மட்டும் பார்க்கிற ஸ்கேனர் அலறும். பேக்கேஜோட சேஞ்ச்லாக்ல அந்த சிவிஈ எண் இருந்தா முடிஞ்சது ஜோலி. பாஸ்வேர்டைக் குறிப்பிட்ட நாளுக்கொரு தடவை மாத்தச் சொல்ற விதியை மைக்ரோசாஃப்ட்டே 2019ல தன்னோட பேஸ்லைன்ல இருந்து எடுத்துடுச்சு. பழைய விதிக்கோப்பு இன்னும் ஃபெயில் போடும். அதைப் பச்சையாக்கணும்னு ஊரையே பாஸ்வேர்டு மாத்தச் சொல்லி, மானிட்டர்ல மஞ்சச் சீட்டு ஒட்ட வைக்காதீங்க. ஏன் விலக்குன்னு எழுதி, யாராவது கையெழுத்துப் போட்டா போதும்.

"ஆடிட்டர் கேக்குறது சதவீதம்தான், எங்களுக்கு எங்க நேரம்?"னு கேப்பீங்க. நியாயம்தான், ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனா என்ன விலைன்னு பாருங்க. 2019 அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளத்துல இருந்து ஒரு அறிக்கை: அணுமின் நிலையத்தோட கட்டுப்பாட்டு அமைப்பு தனியா நிக்குது, சைபர் தாக்குதலுக்கு வழியே இல்லைன்னு. மறுநாள் இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைன்னு ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோட இணைஞ்ச நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டராம். செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே பார்த்துச் சொல்லியிருக்கு. கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பு இல்லைன்னாங்க, இருக்கட்டும். ஜனங்க கேட்ட கேள்வி ஒண்ணு, முதல் நாள் பதில் வேற ஒரு கேள்விக்கு. நம்ம பச்சை ரிப்போர்ட்டும் இதே ஜாதிதான்.

மின்துறைக்குன்னு மத்திய மின்சார ஆணையம் 2021ல தனியா சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதலே போட்டுச்சு. அனல் மின் நிலையத்தைச் சுத்திக் குடியிருக்கிற எனக்கு அது வெறும் பேப்பர் சமாச்சாரம் இல்லை. சதவீதத்தைப் பெரிய எழுத்துல போடுறவங்க, எத்தனை மெஷின்ல லாகின் ஆச்சு, எத்தனை விதி நிஜமாவே ஓடுச்சுங்கற ரெண்டு எண்ணையும் அதே பக்கத்துல போடுங்க. இல்லேன்னா அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பணும்.

டிஸ்கி: சுரங்கத்துல யாரும் அப்படி எழுதினதா நான் சொல்லலை. உவமைங்க, உவமை! :-)