காசு வாங்கும்போது பார்க்காத பீலி

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்குக் காப்புறுதி எடுத்தவர்களும், வங்கிக் கடனுக்காக எடுக்க வேண்டி வந்தவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது களனி கங்கை பெருகியதை எல்லோரும் பார்த்தோம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை. வந்தது மேலேயிருந்து. எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் வீட்டில் இரண்டு கூரைத் தகடுகளைக் காற்று பெயர்த்துக்கொண்டு போனது. இரவு முழுக்க மழை வீட்டுக்குள். சீலிங் விழுந்தது, மெத்தை, அலுமாரி, தைக்கக் கொடுத்த மற்றவர்களின் துணி, எல்லாம் போனது. தையல் மெஷினை மட்டும் மேசைக்குக் கீழே இழுத்துக் காப்பாற்றிக்கொண்டார்.

வீட்டுக் கடன் எடுத்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக அவர் கட்டுப்பணம் கட்டுகிறார். ஒரு வருடம்கூடத் தவறவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் கம்பனியிலிருந்து ஒருவர்கூட அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

காற்று அடித்து ஆறாம் நாள் ஒருவர் வந்தார். பெயர்ந்துபோன இடத்தை ஒரு படம் எடுத்தார். பின்பக்கப் பீலியை ஏழெட்டுப் படம் எடுத்தார். பீலியில் இலை கிடந்தது. பக்கத்து வளவில் பலா மரம் நிற்கிறது, இலை கிடக்காமல் என்ன செய்யும்? மூன்று கிழமைக்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தேய்மானம், போதிய பராமரிப்பு இல்லை, ஆகவே கோரிக்கையை ஏற்க முடியாது. அவ்வளவுதான். ராத்தா அந்தக் கடிதத்தை எங்களிடம் நீட்டி, "டீச்சர், எவ்வளவு தாறாங்களாம்?" என்று கேட்டார்.

கம்பனியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கம்பனியோடு நடக்கும் சண்டையாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்களிடம் பத்திரங்களை வாங்கி, பாடசாலை விட்ட பிறகு உட்கார்ந்து வாசித்தோம். கம்பனிக்குக் கம்பனி சொல் மாறுகிறது, சங்கதி மாறவில்லை. வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை. கூரையைக் காற்று உடைக்காமல் வெறும் ஒழுக்கால் வந்த தண்ணீருக்குப் பொறுப்பில்லை. சில பத்திரங்களில் வெள்ளம் என்ற சொல்லே தனியாகக் காசு கட்டினால்தான் உள்ளே வருகிறது.

வீட்டைப் பராமரிக்கத் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாங்கள். ஆனால் பராமரிப்பு அவ்வளவு முக்கியம் என்றால் அதைக் காசு வாங்கும் நாளிலேயே பார்க்க வேண்டும். வருடம் முழுக்க ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்தே பார்க்காத ஆசிரியர், பரீட்சை நாளில் "கொப்பிக்கு உறை போடவில்லை, ஆகவே நீ பெயில்" என்றால் பெற்றோர் விடுவார்களா? அதிபரின் அறைக் கதவை உடைத்துக்கொண்டு வரமாட்டார்களா? கம்பனிக்கு மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

இன்னொன்று. ராத்தாவின் கூரையைப் பெயர்த்தது காற்று. பீலியில் இருந்த இலைக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை நாங்கள் மட்டும் கேட்கவில்லை. எங்கள் நாட்டுக் காப்புறுதிச் சட்டத்தின் வேர் இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கிறது, 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. அதே இங்கிலாந்து அதைத் திருத்திவிட்டது. 2012இல் ஒரு சட்டம்: கம்பனி கேட்காததையெல்லாம் வீட்டுக்காரர் தானாகச் சொல்லத் தேவையில்லை, கேட்டதற்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும். 2015இல் இன்னொன்று: ஒரு நிபந்தனையை மீறியது நடந்த சேதத்துக்கான ஆபத்தைக் கூட்டியிருக்கவே முடியாது என்று வீட்டுக்காரர் காட்டினால், அந்த நிபந்தனையைச் சாட்டிக் கம்பனி காசை மறுக்க முடியாது. கதவுப் பூட்டு சரியில்லை என்று வெள்ளச் சேதத்தைத் தட்டிக்கழிக்கும் விளையாட்டு அங்கே முடிந்தது. இங்கே அது இன்னும் நடக்கிறது.

வீட்டுக்காரர் தலையில் முதலில் பழியைப் போடும் பழக்கம் காப்புறுதிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2021 நவம்பர், டிசம்பரில் ஊரெல்லாம் எரிவாயு அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கிறதா? முதலில் எங்களுக்குச் சொன்னது என்ன? உங்கள் ரெகுலேட்டர் பழசு, குழாய் தரமில்லை, அடுப்பைத் துடைக்கவில்லை. பயத்தில் எத்தனை பேர் புதுக் குழாய் வாங்கினோம்! பிறகு ஜனாதிபதி நியமித்த குழு சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையின் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகக் காட்டியது. குழாய் வாங்கிய காசை யாரும் திருப்பித் தரவில்லை.

வெள்ளத்திலும் இதுதான் கதை. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்துக்கே தண்ணீர் வந்தது. அங்கே பீலி துப்புரவாக இருந்ததா என்று யாராவது ஏணி வைத்துப் பார்த்தார்களா தெரியாது. எங்கள் ஒழுங்கைக் கான் மாநகர சபையுடையது. அதற்கு நாங்கள் சோலைவரி கட்டுகிறோம். கான் அடைத்துத் தண்ணீர் குசினிக்குள் வந்தால் அது எப்படி எங்கள் பராமரிப்புக் குறையாகும்?

இனி வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பி துருப்பிடித்து வீங்கும், கொங்கிரீட் பிளந்து பொருக்குப் பொருக்காக விழும். ஒரு தொடர்மாடியில் மேல்வீட்டு பல்கனியிலிருந்து ஒரு துண்டு விழுந்த பிறகு, பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் பொறியியலாளரின் அறிக்கை கொண்டுவா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கம்பனி கேட்டிருக்கிறது. செலவும் அவருடையது. அவர் எப்படிக் கொண்டுவருவார்? தூணும் வெளிச்சுவரும் மொட்டைமாடியும் பொதுச்சொத்து. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பராமரிக்க வேண்டியது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு. எத்தனை தொடர்மாடிகளில் அந்த அமைப்பு உயிரோடு இருக்கிறது? பாதி வீட்டுக்காரர்கள் டொரன்டோவிலும் லண்டனிலும். கூட்டத்துக்கு வருவது நாலு பேர், அதில் இரண்டு பேர் லிப்ட் சண்டைக்காக வருகிறார்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. பல பத்திரங்களில் ஒரு சின்ன வரி இருக்கிறது: வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டி அறிவித்து ஒப்புதல் வாங்காவிட்டால், பாதுகாப்பு நின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை கோடையில் வந்து பூட்டைத் திறக்கிறவர்கள் மிச்சப் பதினொரு மாதக் காசை எதற்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் அப்படியே மகளின் வீட்டில் தங்கிவிடுகிற எங்கள் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

கொட்டாஞ்சேனையின் பழைய வாடகை வீடுகளின் நிலை இன்னும் மோசம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வாப்பா காலத்திலிருந்து இருப்பவர்கள் பலர். வாடகை சொற்பம், ஆகவே சொந்தக்காரர் ஒரு ஓட்டையும் மாற்றமாட்டார். குடியிருப்பவர் மாற்றப்போனால் "என் வீட்டில் கை வைக்காதே" என்று வழக்கு வரும். அந்த வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு, கடைச் சரக்குக்கு, குடியிருப்பவர் காப்புறுதி எடுக்கிறார். படிவம் கேட்கிறது: கட்டடம் நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறதா? ஆம் என்றால் பொய். இல்லை என்றால் பத்திரம் கிடையாது. இந்தக் கேள்வியை எழுதியவர் ஜிந்துப்பிட்டியில் ஒரு நாள் நடந்திருக்கமாட்டார்.

தகாபுல் எடுத்தவர்கள் "எங்களுக்கு இதெல்லாம் இல்லை" என்று நினைக்க வேண்டாம். ஹலாலா ஹராமா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் வேலை அல்ல. நாங்கள் பார்த்த படிவத்தில் பராமரிப்புக் கேள்விகள் அங்கேயும் அதேதான்.

நாமும் சும்மா இல்லை. அதையும் எழுதாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஏஜன்ட் யார்? மச்சானின் கூட்டாளி. படிவத்தை நிரப்புவதும் அவரே, பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் நாம் கையெழுத்து. "மேலே பலகை அடித்து ஒரு அறை கட்டியிருக்கிறோமே, எழுத வேண்டாமா?" என்றால் "அது தேவையில்லை நாநா" என்பார். வீட்டில் டியூஷன் வகுப்பு, கேக் அடிக்கும் பெரிய அவன், இரண்டு சிலிண்டர், இருபது வருடத்து வயரிங், ஒன்றும் எழுதப்படாது. எல்லாம் அந்த ஆறாம் நாள் வருகிறவரின் போனில் படமாக வரும். ஏஜன்ட்டின் கொமிஷன் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

கணக்கும் பாருங்கள், இது எங்கள் பாடம். வீட்டைத் திரும்பக் கட்ட 1 கோடி ரூபாய் வேண்டும். வங்கி கடன் தொகைக்கு ஏற்ப 40 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறது. சேதம் 10 இலட்சம். 40 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறோமே, 10 முழுக்க வரும் என்று நினைப்போம். வராது. வீட்டின் பெறுமதியில் நூற்றுக்கு 40தான் காப்புறுதி, ஆகவே சேதத்திலும் நூற்றுக்கு 40, அதாவது 4 இலட்சம். 2022இல் ரூபாய் விழுந்தபோது சீமெந்து மூடையின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதற்கு முன் எழுதிய தொகையை இன்னும் மாற்றாதவர்கள் எத்தனை பேர்? அந்தப் பத்திரம் வங்கியின் இரும்பு அலுமாரியில் இருக்கிறது. பிரதி கேளுங்கள். கட்டுப்பணம் உங்களுடையது, பிரதி கேட்பதில் வெட்கமில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமல்ல. பத்திரம் எழுதும் முன் வீட்டை வந்து பாருங்கள். என்ன திருத்த வேண்டும் என்று அன்றைக்கே தமிழில் எழுதித் தாருங்கள், அவகாசம் தாருங்கள். பார்க்காமல் காசு வாங்கினால், பிறகு பீலியைச் சாட்டாதீர்கள். மோட்டார் காப்புறுதிக்கு வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க ஆள் அனுப்ப முடிந்தவர்களுக்கு, ஒழுங்கைக்குள் நடந்து வருவது கஷ்டமா? அதுவரை எங்கள் படத்தை நாங்களே எடுப்போம். புதுப்பிக்கும் மாதத்தில் கூரை, பீலி, டிரிப் சுவிட்ச், குளியலறைச் சுவர், எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்துக் கம்பனிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மேசன் பாஸுக்குக் கொடுத்த காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அவர் சிரித்தாலும் பரவாயில்லை. படம் கிடைத்தும் வாய் திறக்காமல் கட்டுப்பணத்தை எடுத்துக்கொண்டவர், பிறகு "தெரியாது" என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்.

மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று மடித்து வைக்காதீர்கள். எந்த நிபந்தனையின் எந்த இலக்கத்தின்படி மறுக்கிறீர்கள் என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். அதற்கு மேலே, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, உலக வர்த்தக மையத்தில்தான், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். தொடர்மாடிப் பிரச்சினை என்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை.

ராத்தாவின் கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டோம். காற்றுக்கும் பீலிக்கும் என்ன சம்பந்தம் என்ற ஒரே கேள்விதான் அதில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே போடுவோம். இதற்கிடையில் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் இருப்போம். பத்திரத்தைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம். கோயில் பக்கத்து அக்காமாரும் சேர்ச் ஒழுங்கை அண்ணன்மாரும் வரலாம், தேத்தண்ணி இருக்கும். மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், எழுத்து மிகவும் சின்னது.