குறைபார்வையும் நம் கடமையும்

பார்வை உண்டு அல்லது இல்லை என இரண்டாகப் பிரித்துக் காண்பதே நம் வழக்கம். அவ்விரண்டுக்கும் இடையில் வாழ்வோர் பலர். கண்ணாடி அணிந்தும் மருத்துவம் செய்தும் முழுமையாகச் சீராகாத பார்வையைக் குறைபார்வை என்பர். பிறர் 18 மீட்டர் தொலைவில் காண்பதை 6 மீட்டர் அளவுக்கு நெருங்கிய பின்னரே காண இயல்வது இதன் தொடக்க நிலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைப் பார்வையின்மையிலிருந்து வேறுபடுத்தி வரையறுத்துள்ளது.

குறைபார்வை அனைவர்க்கும் ஒரே தன்மையதன்று. விழித்திரையின் மையம் பழுதுற்றவர் பெரும்பாலும் இடறாமல் நடப்பார். எதிரே நிற்கும் நண்பரின் முகத்தை அறியார். கண் அழுத்த நோயால் பக்கப் பார்வையை இழந்தவர் நாளிதழின் சிற்றெழுத்தையும் படிப்பார். காலருகே உள்ள முக்காலியில் மோதிக்கொள்வார். கண்புரை உடையவர் நிழலில் ஓரளவு காண்பார். நண்பகல் வெயிலில் கண்கூசித் தவிப்பார். இவ்வேறுபாடுகளை அறியாதோர், “படிக்கத் தெரிகிறது, படி தெரியவில்லையா?” என வினவுகின்றனர், நடிப்பு என்றும் ஐயுறுகின்றனர். பார்வைக் குறையினும் கொடியது இந்தப் பழி.

பார்வையை அளக்கும் முறையும் முழுமையானதன்று. நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் சினெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகை இன்றும் பயன்படுகிறது. அதில் எழுத்து கருமை, பின்புலம் வெண்மை. வாழ்க்கையோ அத்துணைத் தெளிவானதன்று. சாம்பல் நிறத் தரையை அடுத்துச் சாம்பல் நிறப் படி; வெண்ணிறக் கோப்பையில் பால்; விரைந்து வரும் பேருந்தின் பெயர்ப்பலகை. இக்குறையை உணர்ந்தே, ஒரே அளவுள்ள எழுத்துகள் படிப்படியாக மங்கிச் செல்லும் பெல்லி-ராப்சன் பலகை 1988இல் உருவாக்கப்பட்டது. ஆயினும், அதுவும் அறைக்குள் நிகழும் சோதனையே. குறைபார்வையுடையோருடன் வீட்டிலும் தெருவிலும் உடன் நடந்து, எதனைக் கொண்டு வழி அறிகின்றனர், எங்குத் தயங்குகின்றனர் என அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

அவ்வாறு பெறும் அறிவு பெருஞ்செலவை வேண்டுவதன்று. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை, சுவரினின்று வேறுபட்ட நிறத்தில் கதவு, கண்ணைக் கூசச் செய்யாத விளக்கு ஆகியவை எளிய மாற்றங்களே. நடைமேடையில் பதிக்கும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களை, அழகு கருதித் தரையின் நிறத்திலேயே அமைத்தால் குறைபார்வையுடையோர்க்கு அவை இருந்தும் இல்லாதவையே ஆகும். கட்டடம் எழுப்புவோர் வரைபடம் தீட்டும்போதே இவர்களின் கருத்தைக் கேட்பது சலுகையன்று. உரிமைக்குச் செய்யும் மதிப்பு. காண்போரின் கண்ணைத் திருத்த இயலாத இடத்தில், காணப்படும் பொருளைத் திருத்துவது நம் கடமை.