படிக்க இடமுண்டு! படுக்க?

இலண்டன் மாநகரில் வந்திறங்குகிறான் ஓர் இளைஞன். கையிலே பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம். விசா கிடைத்தாயிற்று. கட்டணத்தில் ஒரு பெரும்பகுதி கட்டியாயிற்று. ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம், அதையும் புறப்படும் முன்பே செலுத்தியாயிற்று. இனி என்ன குறை? இரவிலே தலைசாய்க்க ஓர் அறை, அது ஒன்றுதான்!

தேடிப் போகிறான். கதவு திறக்கிறது. மாணவரா, நல்லது, வாடகை சம்மதமா, நல்லது, உமக்கு ஜாமீன் யார் என்று கேள்வி வருகிறது. என் தந்தை, என்கிறான். எங்கே இருக்கிறார்? ஊரிலே. அது ஆகாதே! இந்த நாட்டிலேயே குடியிருப்பவராக, சொந்த வீடோ கைநிறைந்த வருவாயோ உள்ளவராக ஒருவரைக் கொண்டு வாரும் என்கிறார் வீட்டுக்காரர். நேற்று விமானத்தை விட்டு இறங்கியவன் அப்படி ஒருவரை எந்தச் சந்தையிலே வாங்குவான்? சந்தையும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கூலி கொடுத்தால் ஜாமீன் நிற்கக் கம்பெனிகள் அங்கே உண்டு!

சீமையிலே நடப்பது நமக்கெதற்கு என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே. அங்கே படிக்கப் போகும் வெளிநாட்டாரில் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று இந்தியாவிலிருந்து போகும் கூட்டம். அவர்கள் எல்லோரும் சீமான் வீட்டுச் செல்வங்களா? வங்கிக் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அந்த வரிசையிலே நிற்கிறார்கள்.

பணம் இருக்கிறதா என்ற சந்தேகத்தை அந்நாட்டு அரசு முன்னமே தீர்த்துக்கொண்டுவிட்டது. 2025 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி, இலண்டனில் படிக்க வருபவன் கட்டணம் போக மாதம் 1,529 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 13,761 பவுன், கையிருப்பு காட்ட வேண்டும். அந்தப் பணம் 28 நாள் அசையாமல் இருந்திருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அரசு நம்பியவனை, வீட்டுக்காரர் நம்ப மறுக்கிறார்.

உழைத்துச் சம்பாதிக்கட்டுமே என்பீர்கள். பட்டப்படிப்புக்காரன் பாடநாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது. 2026 ஏப்ரலில் தொடங்கும் குறைந்தபட்சக் கூலி, 21 வயது நிரம்பியவர்க்கு, மணிக்கு 12.71 பவுன். பெருக்கிப் பாருங்கள்: மாதம் ஏறத்தாழ 1,100. அரசே தேவை என்று சொன்ன தொகையோ 1,529! சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த வேலையில் ஆளைத் தொழிலாளி என்று கம்பெனி ஏற்பதில்லை, சுயதொழில் என்று எழுதிக்கொள்கிறது. மாணவர் விசாவிலே சுயதொழிலுக்குத் தடை. தொழிலாளியைத் தொழிலாளி அல்ல என்று எழுதும் தந்திரம் எத்தனை பேரைக் கடிக்கிறது பார்த்தீர்களா?

இந்தக் கதவடைப்புக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1950-களில் அதே இலண்டனில், நிறத்தவர்க்கு அறை இல்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் எழுதினார்கள். 1965-ல் இனப்பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்தது. வீட்டு விவகாரத்தை அது தொடவில்லை. 1968-ல் வந்த சட்டம்தான் அந்தப் பலகையைக் கழற்றியது. 2016 முதல் இங்கிலாந்து முழுவதிலும், குடிவருவோரின் குடியுரிமைத் தாள்களைச் சோதிக்கும் வேலையை வீட்டுக்காரர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். தவறினால் அபராதம். அபராதத்துக்கு அஞ்சுபவர் அயலானைத் தவிர்க்கத்தானே பார்ப்பார்!

ஜாமீன் இல்லாதவனுக்கு இதுவரை இருந்த ஒரே வழி, ஆறு மாத வாடகையை, சில இடங்களில் ஓராண்டு வாடகையையே, மொத்தமாக முன்னால் வைப்பது. 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே முதல் நாள் தொடங்கி, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று சொல்கிறது. தொழிலாளர் திருநாளிலே தொடங்கும் சட்டம்! வாடகைதாரர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஜாமீன் கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. மொத்தப் பணம் என்ற பக்கவாசல் மூடுகிறது, ஜாமீன் என்ற பூட்டு முன்வாசலில் தொங்குகிறது. மாணவர்க்கென்றே கட்டிய பெரிய விடுதிகளில், அரசு ஏற்ற விதிகளுக்கு உட்பட்டவற்றுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே முன்பணம் கேட்கலாம்.

வீட்டுக்காரர்களை மட்டும் ஏசிப் பயனில்லை. வாடகை பாக்கி வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டால் யாரைப் பிடிப்பது என்ற அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கேட்பது பல்கலைக்கழகங்களை. 1967-ல்தான் வெளிநாட்டு மாணவனுக்குத் தனிக் கட்டணம் என்று பிரித்தார்கள்: உள்நாட்டானுக்கு 70 பவுன், அயலானுக்கு 250. 1980-ல் தாட்சர் அரசு முழுச் செலவையும் அயலான் தலையில் வைத்தது. இன்று இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவனின் பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26-ல் அது 9,535 பவுன். வெளிநாட்டானுக்கு வரம்பே கிடையாது! உள்நாட்டுக் கட்டணத்தில் விழும் துண்டை அவன் பணத்தை வைத்துத்தான் சரிக்கட்டுகிறார்கள். இது போதாதென்று, 2028 முதல் வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 925 பவுன் வீதம் பல்கலைக்கழகங்களிடம் வரி வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் முதல் 220 பேருக்கு விலக்காம். அந்தப் பளுவை யார் முதுகுக்கு மாற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் வாங்கிக்கொள்ளும் நிறுவனம், தன் மாணவனுக்குத் தானே ஜாமீன் நின்றால் என்ன? சில பல்கலைக்கழகங்கள் நிற்கத்தான் செய்கின்றன. ஆக, முடியாத காரியமல்ல. போகப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கட்டணத் தவணையை அனுப்புவதற்கு முன்பே எழுதிக் கேட்கட்டும்: வாடகைக்கு ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுவீர்களா, மாட்டீர்களா?